நமுத்துப் போகாத பெட்டி

இதில் வருவது ஒரு சொல் விடாமல் உண்மை. லயத்து மாரியம்மன் வாசலில் கற்பூரம் கொளுத்தி, எரிகிற கற்பூரத்தை உள்ளங்கையால் அடித்து அணைத்துச் சத்தியம் செய்துவிட்டுத்தான் தொடங்கியிருக்க வேண்டும். ஆனால் ஆடி மாதம், தீப்பெட்டி நமுத்துவிட்டது. ஆகவே கற்பூரம் எரிந்ததாகவும் அடித்து அணைத்ததாகவும் வைத்துக்கொள்ள வேண்டியது. கைகூடச் சுட்டுவிட்டது.

அவலாஞ்சிக்குப் போகிற ரோட்டிலிருந்து பிரிந்து மேலேறுகிற மண்பாதையின் முடிவில் இருக்கிறது தேயிலை எஸ்டேட்டின் குளிர்ப்பாறை டிவிசன். ஒரே ஒரு லயம், ஒரே கூரைக்குக் கீழே வரிசையாக வீடுகள். அதில் இருப்பவர்கள் எல்லாரும் சிலோனிலிருந்து கப்பலேறி வந்தவர்கள், அல்லது அவர்கள் பெற்ற பிள்ளைகள். ஆடியில் அங்கே இறங்குகிற மூடுபனி மற்ற இடத்துப் பனி மாதிரி கிடையாது. லயத்து மூக்கன் ஒரு நாள் காலையில் துவைத்த வேட்டியைக் கொடி கட்டச் சோம்பல்பட்டுப் பனியின் மேலேயே உதறிப் போட்டுவிட்டு உள்ளே போனார். மத்தியானம் பனி விலகியபோதுதான் வேட்டி கீழே விழுந்தது. பார்த்தவர்கள் இருக்கிறார்கள்.

அந்தப் பனியில் எதுவும் காய்ந்த நிலையில் இருக்காது. உப்பு தண்ணீராகிவிடும். அப்பளத்தை நாலாக மடித்து மடியில் சொருகிக்கொள்ளலாம். கம்பளியைத் தூக்கினால் அடியில் காளான். மூக்கனின் பக்கத்து வீட்டு அன்னக்கிளிக்கு இதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொள்ள முடிந்தது. பொறுக்க முடியாதது தீப்பெட்டி. விடியக்காலையில் எழுந்து தேயிலைச் செடியில் வெட்டிக் கழித்த கவாத்து விறகை அடுப்பில் வைத்துக் குச்சியை உரசினால், மருந்து மட்டும் சேறுபோலப் பெட்டியில் ஒட்டிக்கொண்டு வரும். அரிசிக்குள் புதைத்து வைத்துப் பார்த்தாள். தலையணைக்கு அடியில் வைத்துப் பார்த்தாள். ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டு படுத்தும் பார்த்தாள். அவள் வியர்வையில் நமுத்தது.

இப்படி இருக்கிற வீட்டுக்குத்தான் அந்தப் பெட்டி வந்தது.

அவள் புருஷன் தங்கவேலுவுக்கு டிபி. பேக்டரியில் இலை வாட்டுகிற மாடியில் வேலை. இருமி இருமி ஒரு நாள் வாடின இலைமேலேயே சளியைத் துப்பிவிட்டார் என்று வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அந்த இலை தூளாகி யார் வீட்டு டம்ளருக்குப் போனதோ, அதை நினைத்தால் அன்னக்கிளிக்குக் குமட்டும். சளியை டப்பாவில் பிடித்து ஆஸ்பத்திரியில் கொண்டுபோய்க் கொடுத்தாள். டிபிதான் என்று சொன்னார்கள். ஆறு மாசம் மாத்திரை.

மாத்திரையைக் கொண்டுவந்தது கோகிலவாணி. காரமடைப் பக்கத்துப் பெண். டிபிக்காரர்களை வீடு வீடாகப் போய்ப் பார்க்கிற வேலை. முதல் மாசம் ஒவ்வொரு வாரமும் மண்பாதை ஏறி வந்து, அட்டைக்கடி ரத்தம் பாதத்தில் வழிய வாசலில் நின்று, தங்கவேலு விழுங்குகிறவரை பார்த்துவிட்டுப் போனாள். அதற்குப் பிறகுதான் பெட்டியைக் கொண்டுவந்து வைத்தாள். வெள்ளை பிளாஸ்டிக், வாளை மீனின் வாய்போல இறுக்கி மூடுகிற மூடி, மூடியில் ஒரு பச்சை விளக்கு. விடிந்ததும் விசில் அடிக்கும். உள்ளே மாத்திரை ஈரம் படக்கூடாது என்று ஏதோ ஒரு பொட்டலமும் போட்டிருந்தது.

"ஏனுங்கக்கா, இத வெசில் அடிச்சதும் தெறந்தாப் போதுமுங்க. உள்ளுக்குள்ள சிம் கார்டு இருக்குதுங்க. நீங்க மூடியத் தெறந்தா, அண்ணன் மாத்திரை தின்னுட்டாருன்னு ஊட்டியில கம்ப்யூட்டருக்குத் தெரிஞ்சுருமுங்க."

"தெறந்தாலே தின்ன மாதிரியா?"

"தின்னத்தானுங்கக்கா தெறப்பாங்க?"

வாசல் பக்கம் உட்கார்ந்து பீடியை அடுப்புத் தணலில் காயவைத்துக்கொண்டிருந்த மூக்கன் தலையைத் தூக்கினார். "நல்ல சாமான்தான் தாயீ. எங்க ஊட்டுச் சோத்துப் பானைக்கும் ஒன்னு மாட்டிவிட்டுட்டுப் போ. மூடியத் தெறந்தா நான் பசியாறிட்டேன்னு எம் பொண்டாட்டிக்கு மலையில இருந்தே தெரிஞ்சிரட்டும். வந்து கேக்குற வேல மிச்சம். போடுற வேலையும் மிச்சம்."

"ஏனுங்க பெரியவரே, சீக்காளி ஊட்டுல நக்கலுங்களா?"

"நக்கல் இல்லாமயா இந்த லயத்துல உசுரோட இருக்கோம்?"

கோகிலவாணி சிரித்துவிட்டுப் போனாள். போனவள் அதற்குப் பிறகு வரவில்லை. அவளைக் குறை சொல்லி என்ன, பெட்டி வந்த கையோடு அவளுக்கு இன்னும் நாலு எஸ்டேட்டைச் சேர்த்துக் கொடுத்துவிட்டார்கள். பெட்டிதான் பார்த்துக்கொள்கிறதே.

பெட்டி வந்த அன்றைக்குச் சாயங்காலம் அன்னக்கிளி பெட்டியைத் திறந்து மாத்திரை அட்டையைத் தடவிப் பார்த்தாள். மொறமொறவென்று இருந்தது. குளிர்ப்பாறையில் அப்படி ஒரு காய்ந்த சாமானை அவள் தொட்டு வருஷக்கணக்காயிற்று. பிறகு தீப்பெட்டியை எடுத்து மாத்திரைக்குப் பக்கத்தில் வைத்து மூடினாள்.

மறுநாள் விடிந்தும் விடியாமலும் குச்சி ஒரே உரசலில் பற்றியது. அந்தச் சந்தோஷத்தில் அவளுக்கு அழுகையே வந்துவிட்டது.

அதுதான் அப்புறம் தினசரி முறை. பெட்டி விசில் அடிக்கும், அவள் எழுந்து திறப்பாள், தீப்பெட்டியை எடுப்பாள், அடுப்பு பற்றும். மாத்திரையைக் கிள்ளி டம்ளர் தண்ணீரோடு புருஷன் தலைமாட்டில் வைப்பாள். கோதுமை மாவைத் தேங்காய்ப்பூ போட்டுப் பிசைந்து ரொட்டி தட்டி, சம்பல் அரைத்து, தேத்தண்ணியைப் போத்தலில் ஊற்றிக்கொண்டு, இடுப்பில் படங்குச் சாக்கைச் சுற்றிக் கட்டுவதற்குள், பேர் பதிகிற பெரட்டுக்கு ஆள் கூப்பிடுகிற சத்தம் வந்துவிடும். "இந்தாங்க, முழுங்கிருங்க" என்று சொல்லிக்கொண்டே ஓடுவாள். அவர் முழுங்கினாரா என்று நின்று பார்க்க கங்காணி விடமாட்டார்.

தங்கவேலு நாக்கு ருசி பார்த்து வளர்ந்த மனுஷன். அந்த மாத்திரை அவர் நாக்கைக் கெடுத்துவிட்டது. தேத்தண்ணி துருவாக இருந்தது. ரொட்டி துரு. சம்பல் துரு. வெறும் வயிற்றில் நாலு மாத்திரை இறங்கினால் குடல் புரண்டு தொண்டைக்கு வரும், மத்தியானம் வரைக்கும் அங்கேயே நிற்கும். இதற்கு மேலே மூத்திரம். குங்குமம் கரைத்துவிட்ட மாதிரி சிவப்பாகப் போனது. அது மாத்திரையின் நிறம், பயப்பட ஒன்றுமில்லை, அப்படிப் போனால்தான் மருந்து உடம்பில் சேர்கிறது என்று கோகிலவாணி படித்துப் படித்துச் சொல்லியிருந்தாள். அவருக்கு மனசு கேட்கவில்லை. ஒரு மாசத்தில் இருமலும் நின்றுவிட, நமக்குத்தான் நல்லாகிவிட்டதே என்று தீர்மானித்துவிட்டார். பெண்டாட்டி படியிறங்கியதும் டம்ளரை எடுத்துக்கொண்டு பின்பக்கம் போவார். அங்கே சௌசௌ கொடி. மாத்திரையைக் கொடியின் தூரில் போட்டு, டம்ளர் தண்ணீரையும் அதற்கே ஊற்றிவிட்டு, வாயைத் துடைத்துக்கொண்டு வருவார்.

பெட்டி ஊட்டிக்குச் சொல்லிக்கொண்டிருந்தது: தின்றார், தின்றார், தின்றார்.

அவர்களுக்கு ஒரே பெண், பிரியா. திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலை. புருஷன் விமலும் அங்கேதான். கல்யாணமாகி நாலு வருஷம் கழித்து இப்போதுதான் வயிற்றில் தங்கியிருந்தது. தலைப்பிரசவம் தாய்வீட்டில். ஆனால் மாமியார் ஒரே பேச்சாகச் சொல்லிவிட்டாள். உங்கப்பன் நெஞ்சு சுத்தமாச்சுன்னு டாக்டர் சொன்னால் அனுப்புவேன், இல்லையானால் பிள்ளையோடு சேர்த்து உன்னையும் அந்த வீட்டுப் படி மிதிக்க விடமாட்டேன். சொன்னது நியாயம் என்பதுதான் அன்னக்கிளிக்கு வயிற்றெரிச்சல்.

தங்கவேலுவுக்கு இருமல் திரும்ப வந்தது. முதலில் பனியில் வருகிற இருமல் என்றார். பிறகு அடுப்புப் புகை என்றார். கன்னம் ஒட்டியது. அவர் துப்பிய சளிக்கு மண் போட்டு மூடுகிற வேலை திரும்ப அவள் தலையில் விழுந்தது. பச்சையாக, கயிறு மாதிரி, மண்ணைப் போட்டாலும் மேலே வந்து பளபளக்கும். சோறு பிசையும்போது அது ஞாபகம் வந்து, பல நாள் தட்டை அப்படியே நாய்க்கு வைத்தாள்.

ஒரு நாள் லீவு போட்டு ஊட்டிக்கு இறங்கி, டிபி ஆபீசுக்குப் போய்ச் சொன்னாள். கம்ப்யூட்டர் முன்னால் இருந்தவர் பெயரைத் தட்டிப் பார்த்தார். திரையில் கட்டம் கட்டமாக ஒரே பச்சை.

"ஏம்மா, இவரா? ஜில்லாவுலயே இவருதான் மொத ஆளு. ஒரு நா விடல. ஞாயித்துக்கெழம கூட ரெண்டு தரம் தெறந்திருக்காரு."

ஞாயிற்றுக்கிழமை கறி எடுப்பதால் இரண்டு தரம் அடுப்பு. அது அவளுக்கு அப்போது உறைக்கவில்லை.

"எளச்சுப் போறாருங்களே? சளி வருதுங்களே?"

"மருந்து சாப்புட்டா சளி வராதும்மா. இங்க எல்லாம் பச்சையாத்தான் இருக்குது."

"அங்கயும் பச்சையாத்தாங்க இருக்குது. நான்தாங்க மண்ணு போட்டு மூடுறேன்."

அவருக்கு முகம் சுருங்கியது. நாற்காலியை இரண்டடி பின்னால் தள்ளிக்கொண்டார். அடுத்த வாரம் விழா இருக்கிறது, ஒழுங்காக மருந்து தின்றவருக்குப் பொன்னாடை, அவசியம் கூட்டிக்கொண்டு வா என்று சொல்லி அனுப்பினார்.

விழா ஒரு கல்யாண மண்டபத்தில். மேடைக்குப் பின்னால் திரையில் பெட்டியின் படம் ஆள் உயரத்துக்கு. சென்னையிலிருந்து வந்திருந்த அதிகாரி அந்தப் பெட்டியைப் பற்றிப் பேசினார். பேசினார், பேசினார், மண்டபத்துக்கு வெளியே வெயில் வந்து திரும்பப் போகிறவரை பேசினார். கேட்டுக்கொண்டிருந்தவர்களில் ஒருவருக்குத் தாடி வளர்ந்துவிட்டது. நோயாளிகளைக் கடைசி வரிசையில், ஜன்னலோரம், தனியாக உட்காரவைத்திருந்தார்கள். முன் வரிசைக்கு முந்திரி போட்ட கேக். பின் வரிசைக்கு பிஸ்கட்டைத் தட்டோடு தரையில் வைத்து காலால் தள்ளிவிட்டான் ஒருவன். அன்னக்கிளி அதைத் தொடவில்லை.

"திரு. தங்கவேலு!"

அவர் சலவைச் சட்டையில் மேடையேறினார். அதிகாரி கையுறை போட்டுக்கொண்டு, முகமூடியை இழுத்துவிட்டுக்கொண்டு, கையை நீட்டி எவ்வளவு தூரத்திலிருந்து முடியுமோ அவ்வளவு தூரத்திலிருந்து பொன்னாடையைத் தோளில் எறிந்தார். எல்லாரும் கை தட்டினார்கள். போட்டோ எடுப்பவன் சிரிக்கச் சொன்னான். தங்கவேலு சிரிக்க மூச்சை இழுத்தார். இழுத்த மூச்சு இருமலாகத் திரும்பியது. நிற்காத இருமல். வாயைப் பொத்தக் கைக்குக் கிடைத்தது பொன்னாடை. எடுத்தபோது ஜரிகையின் மேலே ரத்தமும் சளியும் ஒன்றாகக் குழைந்திருந்தது.

கைதட்டல் அப்படியே நின்றது. அதிகாரி மேடையின் மறுபக்கமாக இறங்கிக் காரில் ஏறிவிட்டார். மைக்செட்டுக்காரன்கூட மைக்கை விட்டுவிட்டு ஓடினான். பின்னால் திரையில் மட்டும் தங்கவேலுவின் பெயருக்கு நேரே பச்சைக் கட்டங்கள் எரிந்துகொண்டிருந்தன.

அன்னக்கிளிதான் மேடையேறினாள். பொன்னாடையைப் பந்தாகச் சுருட்டித் தன் பையில் போட்டாள். அவளுக்கு அவர்மேல் வந்தது இரக்கம் இல்லை. அழுகின பழத்தை வெறுங்காலால் மிதித்துவிட்ட மாதிரி ஒரு கூச்சம், உடம்பு முழுக்க. "எறங்குங்க" என்றாள்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. விழாவில் நடந்ததைக் கேள்விப்பட்டு, யாரும் கூப்பிடாமலே கோகிலவாணி மண்பாதை ஏறி வந்தாள். காலில் மூன்று நாலு அட்டை தொங்கிக்கொண்டிருந்தது, அவள் பிடுங்கக்கூட இல்லை.

"அக்கா, என்னமோ தப்பா இருக்குதுங்க. மருந்து தின்னவருக்கு இப்பிடி ஆகாதுங்க. ராத்திரியெல்லாம் தூங்கலைங்க."

அந்த நேரத்தில்தான் பின்பக்கமிருந்து மூக்கன் கத்தினார். "ஏ தங்கச்சி! ஓடியா! மாடு மாடு!"

காட்டெருமை அந்தப் பக்கத்தில் புதுசு இல்லை. சௌசௌ கொடிக்கு ஒன்று தினம் வந்துகொண்டுதான் இருந்தது. கொடியும் அப்படி வளர்ந்திருந்தது. கூரையேறி, லயத்தைத் தாண்டி, மாரியம்மன் கோயில் மணியைச் சுற்றிக்கொண்டதில் இரண்டு வாரமாகப் பூசாரி மணியே அடிக்கவில்லை. காய் ஒவ்வொன்றும் குடம் தண்டி. தின்று தின்று அந்த எருமை மினுமினுவென்று, நெஞ்சு புடைத்து, மூச்சு சீராக நின்றது. அந்த வட்டாரத்தில் நுரையீரல் சுத்தமாக இருந்த ஒரே ஜீவன் அதுதான்.

அது வாலைத் தூக்கிக்கொண்டு மூத்திரம் பெய்தது. குங்குமச் சிவப்பு. பாத்தி நிறைந்து, வாய்க்காலாகி, ஓடி வந்த இருவரும் மூக்கனும் நின்ற இடம் வரை வந்து, ஆவியடித்தது.

"பாரஸ்ட்டுக்காரன் நாலு நாளா இது பின்னாடியே அலையிறான்," என்றார் மூக்கன். "ரத்தமா ஊத்துது, என்னமோ நோவுன்னு. இந்த மாதிரிச் செவப்பா நான் நம்ம மச்சான்கிட்டத்தான் பாத்தேன், ரெண்டு மாசம் மின்ன. இப்ப அவருக்கு வெளுத்துப் போச்சு, மாட்டுக்குச் செவந்து போச்சு."

கோகிலவாணியும் அன்னக்கிளியும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். எருமை அசை போட்டுக்கொண்டே போனபிறகு, அன்னக்கிளி குனிந்து கொடியின் தூரில் கையை விட்டாள். சேற்றுக்குள் கூழாகக் கரைந்த மாத்திரைகள், சிவந்த களி, அதில் ஊறிப் பெருத்த நத்தைகள். அள்ளிக்கொண்டு வந்து தங்கவேலுவின் முகத்துக்கு நேரே நீட்டினாள். விரல் இடுக்கில் வழிந்தது.

"இது என்னா?"

அவர் சுவரைப் பார்த்தார்.

"உன்னத்தான். என்னா இது?" இருபத்தேழு வருஷத்தில் அவள் அவரை 'நீ' என்றது அதுதான் முதல் தடவை.

"கொமட்டுதுடி. எல்லாம் துருவா இருக்குது. நீ ஒரு நா தின்னு பாரு."

"கொமட்டுதா? உன் சளிய ஆரு மூடுறா? உன் எச்சி டம்ளர ஆரு கழுவுறா? எனக்குக் கொமட்டலன்னு நெனச்சியா? மாட்டுக்கு வைத்தியம் பாத்திருக்கியே, மனுசனா நீ? பிரியா புள்ளய நீ பாக்க வேணாமா?"

"ஏனுங்கக்கா, ஒரு நிமிசம்," என்றாள் கோகிலவாணி. அவள் குரல் இறங்கியிருந்தது. "அண்ணன் தின்னலை, சரிங்க. பெட்டி எப்பிடிங்க தெனமும் நேரத்துக்குத் தெறந்துச்சு?"

அன்னக்கிளி கையைக் கழுவினாள். உள்ளே போய்ப் பெட்டியை எடுத்து வந்து, அவள் எதிரிலேயே மூடியைத் திறந்து, தீப்பெட்டியை வெளியே எடுத்துக் காட்டினாள்.

கோகிலவாணியின் பைக்குள் இருந்த போன் டிங் என்றது. எடுத்துப் பார்த்தாள். 'தங்கவேலு இன்றைய மருந்தை எடுத்துக்கொண்டார். வாழ்த்துகள்.' தங்கவேலு வெறும் வாயோடு எதிரே நின்றுகொண்டிருந்தார்.

மூக்கன் எட்டி அந்தத் தீப்பெட்டியை வாங்கி, ஒரு குச்சியை உரசி, பீடியைப் பற்றவைத்துக்கொண்டார். "ஒரே ஒரசல்," என்றார். "அருமையான பெட்டி."

அன்னக்கிளி வாசலில் உட்கார்ந்துவிட்டாள். அவர் கொடிக்குப் போட்டார். நாம் தினமும் விடிந்ததும் எழுந்து, அவர் தின்றார் என்று ஊட்டிக்குப் பொய் சொல்லியிருக்கிறோம். அடுப்பை நினைத்தாள். அதில் சுட்ட ஒவ்வொரு ரொட்டியும் வயிற்றிலிருந்து மேலே வருவதுபோல் இருந்தது.

திரும்பச் சளி எடுத்தார்கள். நல்ல காலம், கிருமி மருந்துக்கு அடங்காத நிலைக்குப் போகவில்லை. முதலிலிருந்து தொடங்க வேண்டும். இன்னொரு தரம் விட்டால் அடுத்த மருந்து ஒன்றரை வருஷம், காதும் போகலாம் என்று டாக்டர் சொன்னார். கோகிலவாணி பெட்டியை எடுத்துக்கொண்டு போகக் கேட்டாள். அன்னக்கிளி தரவில்லை. "தீப்பெட்டிக்கு வேணும்," என்றாள். "ஆனா அத நம்பாத. எங்களையும் நம்பாத."

"அப்பறம் ஆரைத்தானுங்க நம்புறது?"

அதற்கு வழி சொன்னது பிரியா. போனில் எல்லாவற்றையும் கேட்டு முடித்தாள். பிறகு, "நாளையில இருந்து வீடியோ கால் போடுறேன். அப்பாவ என் முன்னாடி முழுங்கச் சொல்லு. வாயத் தெறந்து காட்டணும்," என்றாள்.

விடிந்ததும் போனைச் சர்க்கரை டப்பாவின்மேல் சாய்த்துவைத்தார்கள். படம் கண்ணாடியாக விழுந்தது. பிரியாவின் மூக்குத்திகூட மின்னியது.

"ஒன்னொன்னா போடுங்கப்பா. ம். தண்ணி. முழுங்குங்க. வாயத் தெறங்க. நாக்கத் தூக்குங்க. கன்னத்துல என்ன ஒதுக்கி வச்சிருக்கீங்க?"

"பல்லுடி."

"துப்புங்க பாப்போம்."

அது மாத்திரைதான். திரும்பப் போட்டு விழுங்கினார். விழுங்கியவர் வாயைப் போனுக்குக் கிட்டே கொண்டுபோய், ஆவென்று திறந்தார். காறை படிந்த பல், ஓட்டை விழுந்த கடைவாய்ப்பல், வெள்ளை பூத்த நாக்கு, துருச் சிவப்பில் வழிகிற எச்சில் எல்லாம் திருப்பூரில் அவள் முகத்தளவுக்குப் பெரிதாகத் தெரிந்தது. மூன்று மாசக் கர்ப்பிணி. அதைப் பார்த்ததும் பிரியாவுக்கு ஓங்கரித்துக்கொண்டு வந்தது. போனைப் போட்டுவிட்டு வாந்தியெடுக்கிற சத்தம் கேட்டது. அதைக் கேட்டு இங்கே தங்கவேலுவுக்குக் குடல் புரண்டது.

"எடுத்துராதீங்க! எடுத்தா திரும்ப முழுங்கணும்!" என்று அன்னக்கிளி அவர் வாயை இரண்டு கையாலும் பொத்திப் பிடித்தாள். அவர் கண் பிதுங்கியது. மூக்கில் சளி ஒழுகி அவள் விரலில் வழிந்தது. அவள் கையை எடுக்கவில்லை.

"அப்பா," என்றது சர்க்கரை டப்பாமேல் இருந்த போன், மூச்சு வாங்கிக்கொண்டு. "உள்ள இருக்கா?"

"ம்," என்றார் தங்கவேலு, பொத்தின கைக்குள்ளிருந்து.

"எனக்கு எல்லாம் வெளிய வந்திருச்சு."

"நீ போயி ஒறப்பா எதாச்சும் சாப்புடு புள்ள."

"நாளைக்கும் வருவேன்."

தினம் வந்தாள். தினம் அவள் வாந்தியெடுத்தாள், தினம் அவர் எடுக்காமல் இருந்தார். நடுவில் அன்னக்கிளி, ஒரு கையில் போன், ஒரு கையில் அவர் வாய். லயத்தில் இதைப் பார்க்கக் கூட்டம் சேர்ந்தது. மூக்கன் விசில் அடிக்கிற பெட்டியைக் கையில் வைத்துக்கொண்டு, பீடி பற்றவைத்தபடி, இன்றைக்கு யார் ஜெயித்தது என்று தீர்ப்புச் சொல்வார். தங்கவேலுவின் மூத்திரம் திரும்பச் சிவந்தது. காட்டெருமைக்கு வெளுத்தது. அது சில நாள் கொடிப் பக்கம் வந்து மோந்து பார்த்துவிட்டு, கொடி வாடிப்போனதைக் கண்டு, தங்கவேலுவை வெறுப்பாக ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போய்விட்டது. பொன்னாடையை அன்னக்கிளி அடுப்பில் வைத்துக் கொளுத்தினாள். ஜரிகை எரிகிற நாற்றம் மூன்று நாள் வீட்டைவிட்டுப் போகவில்லை.

ஏழாம் மாதம் வளைகாப்பு முடிந்த கையோடு, சளியில் கிருமி இல்லை என்று டாக்டர் சொன்ன சேதியும் வந்தது. கோகிலவாணியே திருப்பூர் மாமியாரிடம் போனில் பேசினாள். பிரியா மண்பாதை ஏறி, வயிற்றைப் பிடித்துக்கொண்டு வாசலில் வந்து நின்றாள். தங்கவேலு எழுந்து நின்றார். பழக்கதோஷம், வாயை ஆவென்று திறந்து நாக்கைத் தூக்கிக் காட்டினார்.

பிரியா பக்கத்தில் வந்து, குனிந்து, உள்ளே நன்றாகப் பார்த்தாள்.

"சீ," என்றாள். "மூடுங்கப்பா."

குளிர்ப்பாறை டிவிசனில் இன்று வரைக்கும் எந்தக் கம்பெனியின் செல்போன் சிக்னலும் கிடைத்ததில்லை.